இரண்டு முறை முறுக்கிய போல்ட்

செப்டம்பர் 10, செவ்வாய்

டெண்டர் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரே ஒரு கவர்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பெட்டியில் ஐந்து கவர் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து விலையை உரக்கப் படித்தபோது அறை ஏலக்கடை மாதிரி கலகலவென்று இருந்தது. இன்று கொள்முதல் அதிகாரி அந்த ஒற்றைக் கவரைப் பிரித்தார், விலையைப் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். துடைத்ததால் விலை குறையவில்லை.

போன தடவை வாங்கிய விலையில் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். நாற்பது பஸ்ஸுக்கு என்று நகரசபை ஒதுக்கிய பணத்தில் இருபத்தாறுதான் வரும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருஷம் வந்த விதி. முழு வண்டியாக வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரி தலைக்கு மேலே. அது போக, பொதுப் பணத்தில் வாங்குகிற பஸ்ஸின் விலையில் நூற்றுக்கு அறுபது பங்கு உள்நாட்டில் உண்டானதாக இருக்க வேண்டும். அந்த அறுபதைக் காட்ட முடியாத நாலு கம்பெனியும் ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் ஒன்று, ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை போட்டிருக்கிற கம்பெனி. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் யாருக்குத்தான் குரல் உயராது? என் வீட்டிலேயே தினம் கேட்கிறேனே.

கொள்முதல் குழுவில் என் நாற்காலி கடைசி. பத்தாவது, அதற்கு மேல் இரண்டு வருஷம் தொழிற்பயிற்சி, அதற்கும் மேல் இருபத்தேழு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்தது. இதுதான் என் படிப்பு. வண்டி வந்தால் அடியில் இறங்கிப் பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் ரோட்டில் ஏறாது. கேட்பதற்கு என்னவோ பெரிய பதவி மாதிரிதான் இருக்கிறது.

விலையைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு படிவம் மட்டும் நீட்டினார்கள். ‘விற்பனை செய்யும் நிறுவனத்தில் தங்கள் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா?’ இல்லை என்று எழுதினேன். என் உறவினரில் பாதிப் பேர் எங்குமே பணிபுரிவதில்லை என்று எழுத அதில் இடம் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஒரே கவர் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. எனக்கு மூக்கில் வேர்க்கிறது.

கொள்முதல் அதிகாரி இன்று புது ஷூ போட்டு வந்தார். டயர் பிரிவில் இருக்கிற என் பழைய சிநேகிதர் — டயர்காரர் என்றால்தான் டெப்போவில் தெரியும் — காதோடு காதாகச் சொன்னார், “நிஜத் தோலுப்பா. விசாரிச்சுட்டேன்.” காலையிலிருந்து அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே கேட்டுவிட்டார், “என்ன, எதையாவது மிதிச்சிட்டேனா?”

அசடு வழிந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கே? அந்தக் கொட்டகையில். எங்கள் டெப்போ ஆர்டர் கொடுத்ததும் எழுபது பேரைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். இவளுக்கு வண்டியின் அடிப்பகுதி — ஆக்சில், சஸ்பென்ஷன். அதாவது என் தொழில். உள்ளுக்குள் எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு. வெளியே, “கையெல்லாம் கிரீசாகுமேம்மா” என்றேன்.

“உன் கையப் பாத்துத்தானப்பா வளந்தேன். எனக்கு அது அழுக்காவே தெரியல” என்றாள்.

அவள் அம்மாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் வருகிறாள். வருகிறாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதி நேரம் நிற்கிறாள். புது வண்டியில் மூன்று முப்பத்தொன்றுக்கு என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அது நாற்பது வருவதாக இருந்தபோது. இருபத்தாறு ஆனதும் முதலில் அடித்தது முப்பத்தொன்றைத்தான்.

“அந்த விதியப் போட்ட மகராசன ஒரு நாளு என் கூட பஸ் ஸ்டாப்புல நிக்கச் சொல்லுங்க” என்றாள்.

“அந்த விதி இல்லன்னா எனக்கு இந்த வேலையே இல்லம்மா.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன்.

அப்புறம்தான் அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. செப்டம்பரில் எழுதியது செப்டம்பருக்கு உண்மை. நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 21, திங்கள்

சொல்லவில்லை. அதிகாரி மீட்டிங்கில் இருந்தார்.

அக்டோபர் 30, புதன்

அதிகாரி மீட்டிங்கில் இல்லை. இருந்தும் சொல்லவில்லை. சொன்னால் என்னைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்களோ? எடுத்துவிட்டு யாரைப் போடுவார்கள்? வேறு யாரோ ஒருத்தன், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவன். இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்ததும் நிம்மதியாக டீ குடித்தேன். காரணம் இவ்வளவு வசதியாக இருந்தால் அதையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

முதல் ஆறு பஸ் வந்துவிட்டது. ஒன்பது மாதம் ஆகும் என்றவர்கள் ஐந்து மாதத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். டெப்போவே வாசலுக்கு ஓடியது. டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. ஒரு கொட்டகை, எழுபது புது ஆட்கள், ஐந்தே மாதம். எங்கள் டெப்போவில் ஒரு கதவு பழுது பார்க்கவே மூன்று வாரம்.

கம்பெனியிலிருந்து வந்தவர் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பேனா கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு இரண்டு. “சார், பேப்பர் எல்லாம் பக்கா. நீங்க சும்மா ஒரு பார்வ பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும்.” சும்மா என்கிற வார்த்தையை யார் சொன்னாலும் எனக்குப் பிடிக்காது. பேனாக்காரர் சொன்னால் சுத்தமாகப் பிடிக்காது. பேனா இரண்டும் நன்றாகவே எழுதுகின்றன. இதை எழுதுவதுகூட அதில் ஒன்றால்தான்.

பிப்ரவரி 26, புதன்

இன்று டெப்போவின் சோதனைப் பள்ளத்தில் இறங்கி முதல் இரண்டு வண்டியின் அடியைப் பார்த்தேன்.

சஸ்பென்ஷன் போல்ட்டை அளவுப்படி முறுக்கி முடித்ததும், போல்ட் தலையிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டம் வரைக்கும் ஒரு பெயின்ட் கோடு இழுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பிறகு எப்போதாவது போல்ட் அசைந்தால் கோடு உடைந்து நிற்கும். டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

முதல் வண்டியில் எல்லாம் வெள்ளைக் கோடு. அழகாக இருந்தது. ஆனால் கிட்டப் போனால் பெயின்ட்டை அழிக்கிற தின்னர் வாடை. புது வண்டியின் போல்ட்டை எதற்குத் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும்?

இரண்டாவது வண்டியில் விடை கிடைத்தது. அதில் சில போல்ட்டுகளை யாரும் துடைக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் கோடு. பழசு. தலையில் பாதி, சட்டத்தில் பாதி, இரண்டும் ஒட்டாமல் விலகி நிற்கிறது. அதாவது இந்தப் போல்ட்டை யாரோ ஒரு தடவை முறுக்கி மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், அப்புறம் கழற்றியிருக்கிறார்கள், அப்புறம் மறுபடி முறுக்கி வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள்.

முழு வண்டியாக எங்கேயோ செய்து, பிரித்து, இங்கே மாட்டியிருக்கிறார்கள். உள்நாட்டு வண்டியாம். காதில் முழம் முழமாகப் பூ.

இதோடு விட்டிருந்தால் சந்தோஷமாக மேலே ஏறியிருப்பேன். துப்பறிந்துவிட்டோம் என்று ஒரு மிதப்பு இருந்தது. ஆனால் துடைக்காத போல்ட்டுகளில் எல்லாம் வெள்ளைக் கோடு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. பிரஷ்ஷை எடுக்கும்போது கையைச் சுண்டுகிறவர்களுக்கு விழுகிற கொக்கி. மகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே எழுத்து முடிகிற இடத்தில் அப்படித்தான் விழும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டயர்காரர் மேலேயிருந்து குனிந்து, “என்னப்பா, தூங்கிட்டியா?” என்றார்.

பிப்ரவரி 27, வியாழன்

வீட்டில் நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. இப்போதுதான் கவனிக்கிறேனா, ரொம்ப நாளாகவே இப்படியா? அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். அவள் அம்மாவிடம் கேட்டேன்.

“வயசுப் பொண்ணு. யாரோடயாவது பேசும்.”

“யாரோட?”

“நீங்க என்ன போலீசா? பஸ்ஸுக்கு அடியில படுக்கிறவருதானே.”

சாப்பிடும்போது சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். “கொட்டகையில வேல எப்படிம்மா? வண்டி எல்லாம் உதிரியா வருமா, இல்ல…”

“வருது” என்றாள். உதிரியாகவா முழுசாகவா என்று சொல்லவில்லை. தண்ணீர் குடித்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை இவ்வளவு நேரம் யாரும் குடித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 1, சனி

இன்று நான் செய்த காரியத்தை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கொட்டகைக்குப் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. ஆனால் கேட்டைத் திறந்து லாரிக்கு வழி விட்டபோது கண்ணில் பட்டுவிட்டது. உள்ளே வரிசையாகப் பஸ். முழு பஸ். கண்ணாடியில் எல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டி, சக்கரம் மட்டும் இல்லாமல் மரக்கட்டை மேல் நிற்கிறது. ஒரு பக்கம் நாலு பேர் சீட்டைக் கழற்றி வெளியே அடுக்குகிறார்கள். இன்னொரு பக்கம் நாலு பேர் அதே மாதிரிச் சீட்டை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

மகள் வெளியே வந்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அப்பா. இத நான் மறக்கல. காலையில பையில வச்சேன். நீதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்க.”

பேந்தப் பேந்த விழித்தேன்.

“வேவு பாக்க வந்தியா?”

“வெயில் பாக்க வந்தேன்” என்றேன். மேகமூட்டமாக இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

அவள் என்னோடு பேசவில்லை. நானும். அவள் அம்மா இரண்டு பேரோடும் பேசவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கொள்முதல் அதிகாரியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். புது ஷூ இன்றும் பளபளவென்று இருந்தது. இவருக்கும் இதில் பங்கு என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எனவே ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தேன்.

“சார், அந்த வண்டி முழுசா வருது. இங்க கழட்டி மாட்டுறாங்க.”

அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். மேஜை இழுப்பறையைத் திறந்தார். எனக்கு ஏதோ கவர் வரப் போகிறது என்று ஒரு நொடி நினைத்தேன். வந்தது மூன்று கடிதம். மேலிடத்துக்கு அவரே எழுதியது. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் இரண்டு. மூன்றுக்கும் ஒரே வரி பதில்: விதிக்கு உட்பட்டுள்ளது.

“உள்நாட்டுப் பங்குன்னா பொருள் மட்டும் இல்ல. உழைப்பும் சேத்தி” என்றார். “கழட்டுற நேரமும் உழைப்பு, மாட்டுற நேரமும் உழைப்பு. நாலு நாள்ல கழட்ட வேண்டியத எட்டு நாள் கழட்டினா பங்கு இன்னும் ஏறும்.”

“அப்ப நாம கூடக் குடுக்கிற காசு?”

“கழட்டுறதுக்குப் பாதி. மாட்டுறதுக்குப் பாதி.”

இத்தனை நாளாக ஒரு திருட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். திருட்டாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பிடித்துக் கொடுக்கலாம். இது பட்டப்பகலில், முத்திரை குத்தி, வரிசையில் நின்று நடக்கிறது. நாற்பதில் குறைந்த பதினாலு பஸ்ஸும் இப்படித்தான் கரைந்து போயிருக்கிறது, மஞ்சள் கோட்டுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில்.

கிளம்பும்போது மகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மென்று விழுங்கிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கழற்றி மாட்டினால் வண்டிக்கு என்ன கெடுதல்? நாங்கள் தினமும் செய்வதுதானே? அப்படியென்றால் பள்ளத்தில் எனக்கு ஏன் சில்லென்றது?

வண்டியோடு வந்த பழுதுபார்க்கும் புத்தகத்தைப் புரட்டினேன். என் படிப்புக்குப் படம்தான் பாஷை. பின் ஆக்சிலைத் தாங்குகிற போல்ட் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பெருக்கல் குறி. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இது இழுபடும் போல்ட். முறுக்கும்போது ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு பிடித்துக்கொள்ளும். ஒரு தடவைதான் நீளும். கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட வேண்டும். பழசையே மறுபடி முறுக்கினால் பார்க்கச் சரியாக இருக்கும், ரெஞ்சும் அளவைச் சரியாகக் காட்டும். எண்பது பேர் ஏறின பஸ் ஒரு நாள் இறக்கத்தில் திரும்பும்போது அறுந்துவிடும்.

வண்டிக்கு நாற்பத்தெட்டு. அத்தனையிலும் இரண்டு தடவை.

அதில் என் மகள் முறுக்கியதும் இருக்கிறது. இதைத் தெரியாமல் செய்தாளா? தெரிந்தே செய்தாளா? எது பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே என்றால் நான் என்ன பிள்ளை வளர்த்தேன். தெரியாமல் என்றால் நான் என்ன தொழில் சொல்லிக் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போனேன். நேராகக் கேட்க வேண்டும் என்று படி ஏறும்போதே முடிவு பண்ணியிருந்தேன். மேலே போனதும் வாய் அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

“வேலன்னா சுத்தம் வேணும். மத்தவங்க எல்லாம் பழைய கோட்டத் துடைச்சிட்டுப் புதுக் கோடு போட்டிருக்காங்க. நீ முறுக்கினது மட்டும் துடைக்காமக் கெடக்கு.”

மடித்த துணியைக் கொடி மேல் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“துடைக்கத் தெரியாமலா துடைக்கல?”

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எப்போதும் போல.

“துடைக்கச் சொல்லி மூணு தடவ திட்டு வாங்கினேன். துடைச்ச மாதிரி துணியக் காட்டிட்டு விட்டுட்டேன். இந்த ஊர்ல பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கோட்டப் படிக்கிற ஆளு ஒருத்தருதான். அவரு படிச்சுட்டாருன்னு நெனச்சேன். வந்து டப்பா குடுத்துட்டுப் போறாரு.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா நீ என்னக் காப்பாத்தப் பாப்ப. போல்ட்டப் பாக்க மாட்ட.”

உண்மை அதுதான்.

மீதியை உட்கார்ந்து சொன்னாள். அந்தப் போல்ட் திரும்பப் போடக் கூடாதது என்று சூப்பர்வைசரிடம் அவள்தான் முதலில் கேட்டிருக்கிறாள். அவனுக்கும் தெரியும். புது போல்ட் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். இங்கே யாரும் செய்வதில்லை. இறக்குமதி அனுமதிக்கு நாலு மாதம். வந்தாலும் அது வெளிநாட்டுக் கணக்கில் ஏறும்; இழுத்துப் பிடித்துக் காட்டிய அறுபது ஒரு நூல் குறைந்துவிடும்; ஒரு நூல் குறைந்தாலும் ஆர்டரே போச்சு. ஒரு போல்ட் இரண்டு டீ விலைகூட இருக்காது. மாடியில் போனில் பேசினதெல்லாம் கூட வேலை செய்கிற பெண்ணோடு இதைப் பற்றித்தான். நானோ மனதுக்குள் ஒரு மாப்பிள்ளையைக் கற்பனை பண்ணி, அவன் குடும்பத்தையும் விசாரித்து, பிடிக்கவில்லை என்று தள்ளியும் விட்டிருந்தேன்.

“அப்பா, நீ எழுதினா கொட்டகைய நிறுத்துவாங்க” என்றாள். “எழுபது பேரு.”

“எழுதாட்டி?”

துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

டெப்போவில் பாதிப் பேர் லீவு. பள்ளத்தில் இறங்கினேன். முதல் வேலையாக, தின்னரில் துணியை நனைத்து, கொக்கி போட்ட போல்ட்டுகளில் இருந்த மஞ்சள் கோட்டை எல்லாம் துடைத்தேன். இருபத்தேழு வருஷத்தில் சோதனைக்கு வந்த வண்டியில் நான் எதையும் துடைத்ததில்லை. கோட்டை வைத்து அறிக்கை எழுதினால், யார் துடைக்காமல் விட்டது என்றுதான் கொட்டகையில் முதலில் தேடுவார்கள்.

சரி, கோடு இல்லாமல் எப்படி நிரூபிப்பது? இழுபட்ட போல்ட் நீண்டிருக்கும். ஒவ்வொரு வண்டியிலும் நாலு போல்ட் கழற்றி, நீளத்தை அளக்கிற கருவியில் வைத்துப் பார்த்தேன். யார் முறுக்கியதையும் விடவில்லை. புத்தகம் சொல்கிற எல்லையை இருபத்து நாலும் தாண்டியிருந்தது. தலைமுடி அகலம்தான். இரும்புக்கு அது ரொம்ப தூரம்.

டயர்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “சனிக்கிழமை என்னப்பா பண்ற?”

“மனசாட்சிய அளக்குறேன்.”

“எவ்ளோ வருது?”

“எல்லையத் தாண்டிடுச்சு. கழட்டித்தான் போடணும்.”

மார்ச் 10, திங்கள்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். ஆறு வண்டியும் நிராகரிப்பு. காரணம்: மறுமுறை பயன்படுத்திய போல்ட்டுகள். அளவுகள் இணைப்பில்.

கொடுத்துவிட்டு நின்றேன். அதிகாரி நிமிர்ந்தார்.

“சார், என் மக அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்குது. அக்டோபர்லேர்ந்து. சொல்லியிருக்கணும்.”

பேனாவை மூடி வைத்தார். “ஏன் சொல்லல?”

“பயம் சார்.”

“என்னப் பாத்தா?”

“உங்க ஷூவப் பாத்து” என்று சொல்லவில்லை. ஆனால் முகத்தில் என்ன தெரிந்ததோ.

படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “எழுதுங்க. அந்தக் கட்டம் அதுக்குத்தான் இருக்கு. வேற டெப்போ ஆள விட்டு மறுபடி அளக்கச் சொல்றேன். அவரு அளவும் இதே வந்தா உங்க அறிக்கை நிக்கும். வராட்டி நீங்க நிக்க மாட்டீங்க.”

மஞ்சள் கோட்டைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்தான்.

மார்ச் 14, வெள்ளி

அளவு அதேதான் வந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

கொட்டகை நிறுத்தம். எழுபது பேரையும் போல்ட் வரும் வரைக்கும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பாதிச் சம்பளம். மகள் காலையில் அதே நேரத்துக்கு எழுந்துகொள்கிறாள். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரியில் பழைய துணியை எடுத்து மறுபடி அடுக்குகிறாள். கழற்றி மாட்டுகிற வேலை வீட்டிலும் நடக்கிறது என்று சொல்ல வந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆறு பஸ்ஸும் டெப்போ வாசலில் ஊர் பார்க்க நிற்கின்றன. பழைய வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் ஜன்னல் வழியாக எங்களைத் திட்டுகிறார்கள். இன்று ஒருத்தர் என்னைப் பார்த்தே கேட்டார், “காட்சிக்கு வச்சிருக்கீங்களாய்யா?” இல்லை என்றேன். வேறென்ன சொல்வது.

ஏப்ரல் 17, வியாழன்

மொட்டைக் கடிதம் ஒன்று போயிருக்கிறது. நான் வெளிநாட்டுக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு உள்நாட்டு வண்டியை நிராகரித்தேனாம். ஊரையெல்லாம் சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். ஊர் என்னைச் சந்தேகப்படுவது புதுசு. சட்டை சேராத மாதிரி இருக்கிறது. கடிதம் எழுதியவன் பேனாக்காரரா, சூப்பர்வைசரா, டயர்காரர்தானா என்று ஒரு சுற்று வந்தேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது. டயர்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

அவள் அம்மா கடிதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, பரணில் ஏறிப் பெட்டியை எல்லாம் இறக்கினாள். “என்ன தேடுற?” “அந்தக் காச எங்க வச்சீங்கன்னு பாக்குறேன். குடுத்தா ஒரு வண்டி வாங்கிக்குவேன். முப்பத்தொண்ணுக்கு நிக்க முடியல.”

மே 6, செவ்வாய்

நிராகரிப்புக்குப் பிறகு மேலிடமே அவசர அனுமதி கொடுத்து, அறுபதுக் கணக்கிலும் சேர்க்காமல் விட்ட போல்ட், துறைமுகத்துக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறதாம். வெளியே விடவில்லை. அது வண்டி உதிரிபாகமா, வெறும் இரும்புச் சாமானா என்று முடிவாகவில்லை. ஒன்றுக்கு ஒரு வரி, இன்னொன்றுக்கு வேறு வரி. பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள், மூடினார்கள், மறுபடி பிரித்தார்கள் என்று அதிகாரி சொன்னார்.

“அவங்களுக்கும் அறுபது பங்கு காட்டணுமோ என்னவோ” என்றேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்றுகூட நான் நம்பியிருக்கவில்லை.

மே 29, வியாழன்

போல்ட் வந்தது. பழைய போல்ட்டோடு வண்டியை நகர்த்தக் கூடாது என்று நான் எழுதியிருந்ததால், கொட்டகை ஆட்களே டெப்போவுக்கு வந்து போன திங்கட்கிழமையிலிருந்து மாற்றுகிறார்கள். மூன்று பேர். அதில் ஒருத்தி மகள். வேலை தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்பு என்று சூப்பர்வைசருக்கு உத்தரவாம்.

காலையில் ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் கிளம்பி வந்தோம். டெப்போ கேட்டைத் தாண்டினதும் அவள் நாலு அடி தள்ளி நடந்தாள். பள்ளத்தில் இறங்கினதும், “சார், ஆறாவது வண்டி முடிஞ்சுது, பாக்குறீங்களா?” என்றாள். வேறு டெப்போ ஆள் ஒருத்தர் நோட்டும் கையுமாக மேலே நின்றிருந்தார். மகளைப் பற்றிப் படிவத்தில் நான் எழுதிய கட்டத்துக்கு இது ஏற்பாடு.

“உங்க ரெஞ்சக் காட்டுங்க” என்றேன். நீங்க என்று அவளைக் கூப்பிட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. ரெஞ்சை வாங்கி அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

நாற்பத்தெட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முறுக்கு சரியாக இருந்தால் போல்ட் அசையாமல் ரெஞ்ச் டிக் என்னும்; நாற்பத்தேழில் அப்படித்தான் என்றது. ஒன்று மட்டும் டிக் என்பதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றியது. ஒருவேளை என் கைதானோ என்று தோன்றியது. தோன்றியதை விட்டுவிட்டேன்.

“இத எடுத்துடுங்க. புதுசு போடுங்க.”

“சார், எண்ணித்தான் குடுத்திருக்காங்க. எல்லாத்துக்கும் சேத்து கூடுதலா நாலுதான் இருக்கு.”

“மூணா இருக்கட்டும்.”

கழற்றினாள், பழசை என் கையில் வைத்தாள், புதுசைப் போட்டாள். நெற்றியில் கிரீஸ். துடைக்கச் சொல்ல வாய் வந்தது. மேலே நோட்டுக்காரர் நின்றார்.

சாயங்காலம் ஆறு வண்டிக்கும் கையெழுத்துப் போட்டேன். வருகிற திங்கட்கிழமை ரோட்டில் ஏறுகின்றன. மிச்சம் இருபது வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புது போல்ட்டோடு. அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று மேலே இப்போதே சண்டை. முப்பத்தொன்றுக்கு ஒன்றும் இல்லை. அவள் அம்மா இன்றும் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். “என்னடி கை இப்படிச் செவந்து கெடக்கு?” என்று அவள் அம்மா மகளைக் கேட்டாள்.

“டெப்போவுல ஒரு ஆளும்மா. ஒரே ஒரு போல்ட்டுக்கு உயிர எடுத்துட்டாரு.”

அவள் அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

“அந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் எவதான் வீட்டுல சோறு போடுறாளோ.”